குடிச்சா நிலை தெரியாம ஆடற நண்பனை என்ன பண்றது? மலை ஏறறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க

சேலத்துலருந்து ஏற்காடு ஏறற மெயின் ரோட்டுல மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது நம்பர் ஏறும், இறங்கும்போது ஒண்ணொண்ணா கொறையும். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும், கார் பின்சீட்ல உட்கார்ந்து அந்த நம்பரை எண்ணிக்கிட்டே வந்தேன், சாமி கும்பிடற மாதிரி. ஏன்னா ஓட்டினவன் உள்ள ஒரு ஆஃப் பாட்டில் சரக்கு போயிருந்துச்சு, தூறல் வேற, பனி வேற, லைட்டு போட்டா எதிர்ல வெள்ளை துணி கட்டுன மாதிரி தெரியுது. "மாப்ள மெதுவா போடா"ன்னு சொல்லிப் பார்த்தேன். "இந்த மலையில நான் கண்ணை கட்டிட்டு ஓட்டுவேன்"னான். ஏழாவது வளைவுல ஸ்டியரிங்க லேட்டா திருப்பினான், வண்டி நேரா போய் ஓரத்து சுவத்துல மோதி நின்னுச்சு. முன்சீட்ல இருந்தவனுக்கு காறை எலும்பு முறிஞ்சு போச்சு. சுவருக்கு அந்தப்பக்கம் டார்ச் அடிச்சு பார்த்தேன், வெறும் மரத்தோட தலைதான் தெரிஞ்சுது, அடி தெரியல.

அதைவிட எனக்கு ஆறாம இருக்கறது அதுக்கப்புறம் நடந்தது. பத்து நாள் கழிச்சு எல்லாரும் அஞ்சு ரோட்டுல டீ குடிக்க கூடினோம், ஓட்டினவனே அந்த கதைய பெரிய சாகசம் மாதிரி சொல்றான், எல்லாரும் சிரிக்கறாங்க, கையில கட்டோட இருந்தவனும் சிரிக்கறான், நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. அன்னிக்கு ரூம்ல டேபிள் மேல கிடந்த சாவிய எடுத்து அவன் கையில கொடுத்தது நான். "போதையில இருந்தான், விடு"ன்னு அவனுக்கு சொல்லிக்கொடுத்ததும் நாங்கதான், அவனா கண்டுபிடிக்கல. கல்லூரியில இருந்தே ஒவ்வொரு தடவ அவன் ஏதாவது பண்ணும்போதும் மறுநாள் யாராவது ஒருத்தன் அதை சொல்லி முடிச்சு வெச்சிடுவோம். இதை எழுதறதே அந்த "விடு"வை நிறுத்தறதுக்குத்தான். குடிக்காதேன்னு சொல்ற கட்டுரை இல்ல, நானும் எப்பவாவது குடிக்கறவன்தான். செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறை வேலை, வாரம் முழுக்க குனிஞ்சு பத்தவைக்கற வேலை, சனிக்கிழமை கூலி வாங்கினா பசங்க கூட உட்காரணும்னு எனக்கும் இருக்கும். இத்தனை வருஷத்துல பட்டு பட்டு கத்துக்கிட்டத சொல்றேன்.

முதல் கிளாஸ் ஊத்தறதுக்கு முன்னாடி

நிஜமா பாதி வேலை இங்கயே முடிஞ்சிடும். குடிச்ச அப்புறம் எடுக்கற எந்த முடிவும் முடிவே இல்ல, அதனால எல்லாத்தையும் தெளிவா இருக்கும்போதே பேசிடணும்.

மொதல்ல சாவி. அன்னிக்கு குடிக்காதவன் யாரோ அவன்கிட்ட எல்லா வண்டி சாவியும் போயிடணும், சரக்கு பாட்டில் மூடி திறக்கறதுக்கு முன்னாடி. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டா போச்சு, ரெண்டு ரவுண்டு போன ஒருத்தன்கிட்ட சாவிய கேட்டா அவன் மானத்தை கேட்ட மாதிரி எடுத்துக்குவான். குடிக்காதவன் யாருமே இல்லையா, ஆக்டிங் டிரைவர் போட்டுக்கங்க, சேலத்துல ஆள் கிடைக்காம இல்ல, டிராவல்ஸ் வெச்சிருக்கற யார்கிட்ட கேட்டாலும் நம்பர் தருவாங்க. நாலு பேர் பிரிச்சா ஆளுக்கு ஒரு பிரியாணி காசுதான் வரும்.

மலையில குடிக்கணும்னா ராத்திரி மலையிலயே தங்கணும். இதுல பேரமே கிடையாது. சனி ஞாயிறு ரூம் வாடகை ஏறிடும், மே மாசம் கோடை விழா சமயத்துல கேட்கவே வேணாம், அதனாலதான் நிறைய பேர் சாயங்காலம் ஏறி குடிச்சுட்டு ராத்திரியே இறங்கிடலாம்னு பிளான் போடறாங்க. ரூம் காசு இல்லைன்னா அன்னிக்கு மலைக்கு போகாதீங்க, ஊருக்குள்ளயே நடந்து வீட்டுக்கு போற தூரத்துல யாராவது வீட்டு மொட்டை மாடியில உட்காருங்க. குப்பனூர் வழியா இறங்கினா வளைவு கம்மின்னு ஒருத்தன் எப்பவும் ஐடியா சொல்வான். அதுவும் மலை ரோடுதான், ராத்திரியில ஆள் நடமாட்டம் இன்னும் கம்மி.

எவ்வளவு வாங்கறதுன்னும் முன்னாடியே பேசிடுங்க. டாஸ்மாக் மதியம் 12க்கு திறந்து ராத்திரி 10க்கு மூடும், அந்த மூடற நேரம் இருக்கே அதுதான் பிரச்சினையே. ஒன்பதரைக்கு ஒருத்தன் எந்திரிச்சு "கடை சாத்திடுவான், இன்னும் ரெண்டு வாங்கி வெச்சுக்கலாம்"னு ஓடுவான் பாருங்க, எனக்கு தெரிஞ்சு எங்க செட்ல நடந்த அத்தனை ரகளையும் அந்த கடைசி ரெண்டு பாட்டில்லதான். வாங்கினது தீர்ந்தா தீர்ந்துதுதான். சாப்பாட்டையும் முன்னாடியே போட்டுடுங்க, வெறும் வயித்துல ஏத்தினா சரக்கு சர்ருன்னு ரத்தத்துல ஏறும், மிக்சர் கடலைய சாப்பாட்டு கணக்குல சேர்க்காதீங்க, சோறோ பரோட்டாவோ வயிறு நிறையணும்.

யார் வர்றாங்கன்றதும் முக்கியம். எந்த நண்பன் எவ்வளவுக்கு மேல போனா மாறுவான்னு நமக்கு தெரியும். ஒருத்தன் அழுவான், ஒருத்தன் எல்லாருக்கும் போன் போடுவான், ஒருத்தன் அடிக்க வருவான். அழுகறவனை கூட சமாளிக்கலாம். கை நீட்டறவனை, வெளியூர்ல, முன்பின் தெரியாத ஆளுங்க இருக்கற காட்டேஜுக்கு கூட்டிட்டு போகாதீங்க, அவ்வளவுதான்.

கணக்கு தெரிஞ்சுக்கங்க, வாக்குவாதம் கொறையும்

"எனக்கு ஸ்டெடியாதான் இருக்கு"ன்னு சொல்றவன்கிட்ட பேச இந்த கணக்கு உதவும், ஆனா அவன் தெளிவா இருக்கற நாள்ல சொல்லுங்க. ஒரு குவாட்டர் 180 மில்லி, நம்ம பிராந்தி ரம்முல ஆல்கஹால் 42.8 சதவீதம், அப்போ அந்த குவாட்டருக்குள்ள சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடை போட்டா 60 கிராம். நம்ம கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 7லருந்து 10 கிராம்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஒரு குவாட்டர் முழுசா இறங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆஃப்னா அதுல ரெட்டிப்பு. ராத்திரி 11 மணிக்கு ஆஃப் முடிச்சவன் காலைல 7 மணிக்கு குளிச்சு பவுடர் போட்டு "ஃப்ரெஷ்ஷா இருக்கேன்"னு வண்டி எடுப்பான், அவன் ரத்தத்துல இன்னும் பாதிகிட்ட மிச்சம் இருக்கலாம். நாங்க இப்போ மலையிலருந்து இறங்கறதே மதிய சாப்பாட்டுக்கு அப்புறம்தான், அதுவும் குடிக்காதவன் ஓட்டி.

எலுமிச்சை, மோர், கருப்பு காப்பி, தலைக்கு பச்சத்தண்ணி, விரல விட்டு வாந்தி எடுக்கறது, இது எதுவும் ரத்தத்துல போனத வெளிய எடுக்காது. காப்பி குடிச்சா தூக்கம் கலைஞ்ச குடிகாரனா இருப்பான், அது இன்னும் மோசம், தெளிஞ்சுட்டதா அவனே நம்பிடுவான்.

சட்டத்துல அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம். ஒரு பெரிய பீரே அதை தாண்ட வெச்சிடலாம். மாட்டினா முதல் தடவ 10,000 ரூபாய் அபராதம் இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும், திரும்ப மாட்டினா 15,000, ரெண்டு வருஷம் வரைக்கும். குடிச்சு ஓட்டினது தெரிஞ்சா நம்ம வண்டி டேமேஜுக்கு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். எங்க கார் ரிப்பேர் மொத்தமும் கைக்காசுதான், ஓட்டினவன் அவங்க அம்மா செயினை அடகு வெச்சான். செயினை கழட்டி கொடுக்கும்போது அவங்க ஒரு வார்த்தை பேசலன்னு அவனே ஒருநாள் சொன்னான்.

மப்புல இருக்கும்போது என்ன பேசறது

ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்கணும், அந்த நேரத்துல உங்க வேலை அவனை பத்திரமா படுக்க வைக்கறது மட்டும்தான். திருத்தறது, புரிய வைக்கறது, பழைய கணக்கு தீர்க்கறது எதுவும் அப்போ வேணாம். "நீ போதையில இருக்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த ஒரு வார்த்தையில சண்டை ஆரம்பிச்சிடும். நாலு பேர் சுத்தி நின்னு அறிவுரை சொல்றதும் தப்பு, கூண்டுல போட்ட மாதிரி ஆயிடுவான். அவனுக்கு யார் மேல பிரியம் ஜாஸ்தியோ அவன் மட்டும் பக்கத்துல உட்காரணும், சத்தம் கம்மியா, சின்ன சின்ன வாக்கியமா பேசணும். மத்தவங்க பாட்டை ஆஃப் பண்ணிட்டு, பாட்டிலை கண்ணுல படாம எடுத்து வெச்சுட்டு ஒதுங்கிடணும்.

வண்டி எடுப்பேன்னு அடம் பிடிச்சா முடியாதுன்னு நேரா மோதாம வேற பக்கம் திருப்பி விடுங்க. "எனக்கு பசிக்குதுடா, வா ரெண்டு முட்டை தோசை சாப்பிட்டு போலாம்", "எனக்கு தலை சுத்துது, கொஞ்சம் கூட உட்காரு". அரைமணி நேரம் இழுத்துட்டா பாதி பேர் உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடுவாங்க. அதுவும் கேட்கலைன்னா சாவி கிடையாது, அவ்வளவுதான். திட்டட்டும், "நீயெல்லாம் ஒரு நண்பனா"ன்னு கேட்கட்டும், பதில் சொல்லாதீங்க. போன வருஷம் எங்க வீட்டு கல்யாணத்துக்கு வந்த ஒருத்தன் பைக் சாவிய அரிசி டிரம்முக்குள்ள கைவிட்டு அமுத்தி வெச்சேன், ராத்திரி ஒரு மணி வரைக்கும் என் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுத்து திட்டினான். காலைல எங்க அம்மா சோறு வடிக்க அரிசி அள்ளும்போது படியோட சாவியும் வந்துச்சு. அவங்க ஒண்ணும் கேட்காம தொடைச்சு ஜன்னல்ல வெச்சாங்க. சாவிய ஒளிச்சும் அவன் எப்படியோ வண்டிய எடுத்துட்டு போயிட்டான்னா 112க்கு போன் போடுங்க. காட்டிக்கொடுக்கற மாதிரி இருக்கும்தான், எனக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனா எதிர்ல ஒரு குடும்பம் டூ வீலர்ல குழந்தைய முன்னாடி உட்கார வெச்சு ஏறிகிட்டு இருக்கலாம்.

ஏற்காட்டுக்குன்னே சில விஷயம் இருக்கு. ராத்திரி காட்டேஜ் விட்டு வெளிய யாரையும் தனியா அனுப்பாதீங்க, ஒண்ணுக்கு போறதா இருந்தாலும் சரி. காப்பி எஸ்டேட் பக்கம் காட்டெருமை சர்வ சாதாரணமா நடமாடும், இருட்டுல பாறை மாதிரி நிக்கும், பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. தெளிவா இருக்கறவன் பின்வாங்குவான், மப்புல இருக்கறவன் செல்ஃபி எடுக்க போவான். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் மாதிரி விளிம்புல நிக்கற இடத்துக்கும் கிளியூர் அருவிக்கும் குடிச்ச அன்னிக்கு போகவே வேணாம், அருவிப்பாறை பாசி பிடிச்சு கிடக்கும், காலை எடுத்து வைக்கற கணக்கு தப்பினா போச்சு. மேட்டூர் பக்கம் போய் தண்ணியில இறங்கறவங்களுக்கும் இதேதான்.

குளிரும் ஒரு விஷயம். குடிச்சா உடம்பு சூடா இருக்கற மாதிரி தோணும், தோலுக்கு ரத்தம் ஜாஸ்தி ஓடறதாலதான் அப்படி, உள்ள இருக்கற சூடு உண்மையில வெளிய போயிட்டு இருக்கும். டிசம்பர்ல பனியன் கூட இல்லாம வராண்டாவுல மட்டையாகி கிடக்கறவனை "காத்தாட தூங்கட்டும்"னு விடாதீங்க, உள்ள இழுத்துப் போட்டு போர்த்தி விடுங்க.

பெண்கள் கிட்ட வம்பு பண்ணா

இதுல மட்டும் பொறுமை, திசை திருப்பறது எதுவும் கிடையாது. பக்கத்து ரூம் குடும்பத்தை பார்த்து கமெண்ட் அடிக்கறது, ஹோட்டல்ல பரிமாற வர்ற அக்காகிட்ட வழியறது, ராத்திரி ஒரு மணிக்கு தெரிஞ்ச பொண்ணுக்கு திரும்ப திரும்ப போன் போடறது. எங்க செட்லயே ஒருத்தன் பண்ணான். ஒரு காட்டேஜ்ல ரூம் கூட்ட வந்த பொண்ணு, இருபது வயசுகூட இருக்காது, வழிய மறிச்சு நின்னு பேர் என்னன்னு கேட்டுட்டே இருந்தான். அந்தப் பொண்ணு சிரிக்கற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு கையில இருந்த துடைப்பத்தை ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேர்த்து பிடிச்சிருந்துச்சு. எனக்கு அந்த கை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. நாங்க அஞ்சு பேர் இருந்தோம், ரெண்டு நிமிஷம் ஒருத்தனும் அசையல, "சும்மா பேசறான்"னு இருந்தோம்.

அந்த மாதிரி நேரத்துல உடனே நடுவுல போய் நின்னுடுங்க, அவனை தோளோட அணைச்சு அந்த இடத்தை விட்டு கூட்டிட்டு போங்க, இன்னொருத்தன் அந்த பெண்கிட்ட தள்ளி நின்னு நேரடியா மன்னிப்பு கேட்கணும், "மன்னிச்சுடுங்கம்மா, தப்பு எங்க மேல"ன்னு. "குடிச்சிருக்கான், மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சேர்க்காதீங்க, அப்படி சேர்த்தா சொன்ன மன்னிப்பு செல்லாது. அவங்க மேனேஜர்கிட்டயோ போலீஸ்லயோ சொல்லணும்னா சொல்லட்டும், தடுக்காதீங்க, கால்ல விழாதீங்க, காசு பேசாதீங்க. பெண்களுக்கான உதவி எண் 181, அவங்க கேட்டா அதையும் சொல்லுங்க. நண்பனை காப்பாத்தறோம்னு அங்க போய் நின்னா நாமளும் அவன்கூட சேர்ந்து வழிய மறிக்கற மாதிரிதான்.

மட்டையாகிட்டா

தூங்கறானா மயக்கமான்னு பார்க்கணும். பேர் சொல்லி கூப்பிடுங்க, தோளை உலுக்குங்க, காதுமடலை கிள்ளுங்க. முனகி கையை தட்டிவிட்டா பரவாயில்ல. எதுக்குமே அசையல, மூச்சு நிமிஷத்துக்கு எட்டு தடவைக்கும் கம்மியா வருது, இல்ல ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து செகண்டு இடைவெளி விழுது, உதடு நகம் நீலம் பாய்ஞ்சிருக்கு, உடம்பு சில்லுனு இருக்கு, வலிப்பு வருது, இதுல ஒண்ணு இருந்தாலும் 108. விடியட்டும்னு காத்திருக்காதீங்க. கடைசியா குடிச்சது வயித்துல இருந்து இன்னும் ரத்தத்துல ஏறிட்டே இருக்கும், அதனால படுத்த அப்புறமும் நிலைமை மோசமாகும். கீழ விழுந்து தலையில அடிபட்டிருந்தா "போதையில உளர்றான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அது உள்காயமா கூட இருக்கலாம். சுகர் இருக்கறவன்னா ரெட்டை ஜாக்கிரதை, சுகர் இறங்கி மயங்கினாலும் வெளிய பார்க்க மப்பு மாதிரியேதான் இருக்கும்.

மல்லாக்க படுக்க வைக்கவே கூடாது. ஒருக்களிச்சு, இடது பக்கமா, மேல் காலை மடக்கி முன்னாடி வெச்சு, கன்னத்துக்கு கீழ அவன் கையவே கொடுத்து, வாய் தரையை பார்த்த மாதிரி. முதுகுக்கு பின்னாடி ஒரு பேகையோ தலகாணியையோ முட்டு கொடுத்துடுங்க, புரண்டுடாம இருக்க. குடிச்சவங்க சாகறது நிறைய தடவ வாந்தி மூச்சுக்குழாய்ல போய்த்தான். ஒருத்தராவது பக்கத்துல முழிச்சிருக்கணும், மாத்தி மாத்தி. தலைவலிக்கும்னு அப்பவே பாராசிட்டமால் போடாதீங்க, ஏற்கனவே திணறிட்டு இருக்கற கல்லீரலுக்கு அது இன்னொரு சுமை.

ஏற்காட்டுலயே அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பெரிய கேஸ்னா சேலம் ஜிஹெச்தான், இறங்க ஒரு மணி நேரம் ஆயிடும், அதனால மலையில முடிவை சீக்கிரம் எடுக்கணும். டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க, என்ன குடிச்சான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வேற மாத்திரை எதாவது போட்டானான்னு அப்படியே சொல்லுங்க. பாட்டிலையும் கையோட எடுத்துட்டு போங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதுல நிறைய பேரை நம்ம சேலம் ஜிஹெச்சுக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. மெத்தனால்னா ஆரம்பத்துல சாதா மப்பு மாதிரிதான் இருக்கும், பல மணி நேரம் கழிச்சுத்தான் கண்ணு மங்கும், வயிறு பிசையும், மூச்சு வாங்கும். எங்க வாங்கினதுன்னு தெரியாத சரக்கு குடிச்சவன் மறுநாள் "கண்ணு சரியா தெரியல"ன்னு சொன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க.

வீட்டுலருந்து போன் வரும். எடுக்காம இருக்காதீங்க, அந்த ரிங் அடிச்சு அடிச்சு நிக்கறது அவங்களுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சு பாருங்க. "மீட்டிங்ல இருக்கான்", "போன் சார்ஜ் இல்ல" எல்லாம் வேணாம். நான் சொல்றது இதுதான், "தங்கச்சி, அவன் என்கூடத்தான் இருக்கான், குடிச்சிருக்கான், சாப்பிட்டு தூங்கறான், சாவி என்கிட்ட இருக்கு, நாளைக்கு மதியம் நானே கொண்டுவந்து விடறேன்." முதல் தடவ சொல்லும்போது எனக்கு நாக்கு வரல. அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரிங்கண்ணா, சாப்பிட்டாரா"ன்னு கேட்டுச்சு.

தெளிஞ்ச அப்புறம் பேசறது

முக்கியமான வேலை இதுதான், எல்லாரும் கைவிடற வேலையும் இதுதான். மறுநாள் காலைல வேணாம், தலைவலியோட இருப்பான், வெட்கத்துல "இனிமே தொடவே மாட்டேன்"னு சத்தியம் பண்ணுவான், அந்த சத்தியத்தை நம்பி பேச்சை முடிச்சிடுவோம். ரெண்டு மூணு நாள் கழிச்சு, பகல்ல, தனியா, டீக்கடையோ தட்டுவடை செட் சாப்பிடற இடமோ, சரக்கு இல்லாத இடமா பார்த்து கூப்பிடுங்க. ஒருத்தர் மட்டும் போங்க. "நீ எப்பவும் இப்படித்தான்"னு ஆரம்பிக்காதீங்க. நடந்தத மட்டும், தேதி மணியோட சொல்லுங்க. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு நீ அந்தப் பொண்ணு வழிய மறிச்ச. அது பயந்துடுச்சு. நான் பார்த்தேன்."

"எனக்கு ஞாபகமே இல்லடா"ன்னு சொன்னா பொய்யா இருக்கணும்னு இல்ல. வேகமா நிறைய ஏத்தினா மூளை அந்த நேரத்தை பதிவே பண்ணாம விட்டுடும், ஆளு நடப்பான் பேசுவான் சண்டை போடுவான், மறுநாள் சுத்தமா காலியா இருக்கும். ஆனா ஞாபகம் இல்லாததால நடக்காம போயிடாது, அதையும் சொல்லிடுங்க. வீடியோ எடுத்து வெச்சு குரூப்ல போடறது கேவலமான பழக்கம், அவனை திருத்தாது, அசிங்கப்பட்டவன் அடுத்த தடவ இன்னும் ஒரு கட்டிங் சேர்த்துத்தான் அடிப்பான்.

அப்புறம் உங்க முடிவை சொல்லுங்க. மிரட்டலா சொல்ல வேணாம், நடக்கப் போறத சொல்ற மாதிரி சொல்லுங்க. "இனி நீ குடிக்கற இடத்துக்கு நான் வர மாட்டேன், சரக்குக்கு பங்கு போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டுக்கு வா, வீட்டுக்கு சாப்பிட வா, ஆடிக்கு கோட்டை மாரியம்மன் கோவிலுக்கு சேர்ந்து போலாம்." குடியில இருந்து தள்ளி வைங்க, வாழ்க்கையில இருந்து தள்ளி வைக்காதீங்க. சொன்னா சொன்னபடி நடக்கணும், ஒரு தடவ இரக்கப்பட்டு வளைஞ்சா முதல்லருந்து ஆரம்பிக்கணும். அவன் உடைச்சதுக்கு, அடிச்சதுக்கு, அபராதத்துக்கு நீங்க காசு கட்டாதீங்க. துடைப்பம் பிடிச்ச பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்க அவனை திரும்ப மலைக்கு கூட்டிட்டு போனோம், தெளிவா, பகல்ல, மேனேஜர் முன்னாடி. அது அங்க வேலையை விட்டு போயிருந்துச்சு. அவன் வழி முழுக்க பேசல, அப்புறம் என்கூட எட்டு மாசம் பேசல. நான் மட்டும் பொங்கலுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.

இந்த சேலம் மாவட்டத்துலதான் 1937 அக்டோபர் 1ந்தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலா கொண்டு வந்தார், எங்க தாத்தா காலத்து கதை. சட்டம் வந்துச்சு, போச்சு, கடை வந்துச்சு, நாளைக்கு எது வரும்னு தெரியாது. அதுவரைக்கும் நம்ம பையனை நாமதான் பார்த்துக்கணும்.

அளவு மீறி நோயா மாறிட்டா

காலைல எந்திரிச்சதும் கை நடுங்குது, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குது, தனியா குடிக்கறான், வேலைக்கு போறது நின்னு நின்னு போகுதுன்னா, அப்போ பேசி சரியாகற கட்டத்தை தாண்டியாச்சு, அது வியாதி. அந்த மாதிரி ஆளை "இன்னிக்கே விடு பார்க்கலாம்"னு ரூம்ல போட்டு பூட்டிடாதீங்க, உயிருக்கே ஆபத்து. தினமும் நிறைய குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்கு தெரியும், காய்ச்சல் மாதிரி கொதிக்கும், அதுக்கு டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்து படிப்படியா இறக்கணும். சேலம் ஜிஹெச்ல மனநலப் பிரிவு இருக்கு, அங்க காட்டலாம். போன்ல பேசணும்னா 14416, மனநலத்துக்கான இலவச நம்பர், தமிழ்லயே பேசலாம். போதையிலிருந்து வெளிய வர 14446. அவன் பேச மாட்டேன்னா மொதல்ல நீங்க பேசி என்ன பண்ணலாம்னு கேட்டுக்கங்க.

கார் ஓட்டினானே, ஏழாவது வளைவு, அவனைத்தான் போன ஆவணியில ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போனேன். அவனே கேட்டான், பட்டறை வாசல்ல வந்து நின்னு, கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, நடுங்கறது தெரியக்கூடாதுன்னு. நீங்க கூட்டிட்டு போறதா இருந்தா அன்னிக்கு முழு நாள் லீவு போட்டுட்டு போங்க, காலைல சீக்கிரமே ஓபி வரிசையில நிக்கணும், ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, இட்லி வாங்கி கொடுத்து சாப்பிட வெச்சு கூட்டிட்டு போங்க. நடுவுல ரெண்டு மூணு தடவ "நீ போடா, நான் பார்த்துட்டு வந்துடறேன்"னு சொல்லுவான். போகாதீங்க. பெஞ்சுல அவன் பக்கத்துலயே உட்காருங்க, பேர் கூப்பிட்டதும் கூட எந்திரிச்சு உள்ள போங்க, கதவுக்கு அந்தப்பக்கம் டாக்டர் "எத்தனை வருஷமா"ன்னு கேட்கும்போது அவன் கொறைச்சு சொன்னா சரியான வருஷத்தை நீங்க சொல்லுங்க.